கண்மூடிப் பங்களா நல்லமுத்து

நல்லமுத்து அப்பு கப்பல் ஏறியவரில்லை. கடலையே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் கொழும்புக் காலி முகத்திடலில் நின்று, வேட்டி நனைந்துவிடும் என்று பத்தடி தள்ளி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அரசாங்கக் கோப்பு ஒன்றில் அவர் முப்பது வருஷம் இங்கிலாந்தில் வாழ்ந்தவர் என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுத வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. யார் மேல் கோபப்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அதனால் எல்லார் மேலும் கோபப்படுகிறேன்.

என் பெயர் சுகிர்தம். இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் தோட்டத்தின் உச்சியில் பெரிய தொரையின் பங்களா நிற்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு பிரென்ஷோ ஹவுஸ் என்று பெயர். தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனங்கள் கண்மூடிப் பங்களா என்பார்கள். முகப்பில் பன்னிரண்டு ஜன்னல். அதில் நாலு ஜன்னலுக்குச் சட்டம் உண்டு, மேலே வளைவு உண்டு, கீழே மழைத்தண்ணீர் வடிகிற கல்விளிம்பு உண்டு, ஆனால் உள்ளே செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கும். முதன்முதலில் பார்த்த அன்று ஒரு நிமிஷம் நின்றேன். ஜன்னல் வேண்டாமென்றால் சுவரைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? எவனாவது ஜன்னலைக் கட்டி அதை அடைப்பானா?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் நல்லமுத்து. பங்களாவில் சமையலுக்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் பொறுப்பானவரை எங்கள் பக்கம் அப்பு என்போம். பிளேக்லி தொரையிடம் முப்பது வருஷம் அப்புவாக இருந்தவர் அவர். தொரையின் விருந்தாளிகள் வந்தால் தொரை சாய்வு நாற்காலியை விட்டு எழமாட்டார். "நல்லமுத்து, வீட்டைக் காட்டு" என்பார், அவ்வளவுதான். வெள்ளை உடுப்பும் வெறுங்காலுமாக இவர் முன்னே நடப்பார். அவர் பேசுகிற ஆங்கிலத்துக்கு எந்த இலக்கணமும் கிடையாது, ஆனால் விஷயம் ஒன்று விடாது. மாடிப்படி பத்தொன்பது. புகைபோக்கி ஆறு, அதில் இரண்டு அழகுக்கு மட்டும். கணப்படுப்புக்குப் பக்கத்தில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு மறைவறை, அதில் பாதிரியார் ஒருவர் பதினோரு நாள் ஒளிந்திருந்தார். வில்லியம் ராஜா ஜன்னலுக்கு வரி போட்டதால் நாலு ஜன்னலை அடைத்துவிட்டார்கள். வாசலுக்கு மேலே கல்லில் 1612. அந்தக் கல்லைச் சனிக்கிழமை தோறும் ஏணி வைத்து ஏறித் தேங்காய்ப் பொச்சால் தேய்ப்பவர் அவரே.

சும்மா சொல்லக்கூடாது, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார்: "எங்க அப்பா மூக்கன்தான் டீச்சரம்மா இந்தப் பங்களாவுக்குக் கொத்தனாரு. இது பால் காய்ச்சுன வாரம்தான் சுண்ணாம்புக் கொட்டகையில நான் பொறந்தேன்."

"அப்பு, 1612இல கட்டின வீட்டை உங்க அப்பா எப்படிக் கட்டினார்?"

"அது தொரைமாரு வருசம். பஞ்சாங்கத்துல பாருங்க, கலியுகம்னு ஒரு கணக்கு, சாலிவாகனம்னு ஒரு கணக்கு, கொல்லம்னு ஒரு கணக்கு போட்டிருக்கான். தொரைமாருக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கக்கூடாதா?"

சரிதான் போங்கள் என்று விட்டுவிட்டேன். கிண்டலாகக்கூட இருந்தது. அன்றே அவரை உட்கார வைத்து விளக்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விளக்க வேண்டியது இதுதான். பிளேக்லி தொரையின் அப்பா இங்கிலாந்தில் ஒரு பெரிய குடும்பத்தின் இளைய மகன். குடும்ப வீடான பிரென்ஷோ அண்ணனுக்குப் போய்விட்டது. தம்பி இங்கே வந்து காட்டை வெட்டித் தேயிலை போட்டார். காசு சேர்ந்ததும், கிடைக்காமல் போன வீட்டை இங்கேயே கட்டத் தீர்மானித்தார். படங்கள் வரவழைத்தார். அங்கே வீட்டின் முன்பக்கம் மூன்று கட்டுகள் கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் இங்கேயும் மூன்று கை. அங்கே வரிக்குப் பயந்து நூறு வருஷம் கழித்து அடைத்த ஜன்னல்களை இங்கே முதல் நாளே அடைத்துக் கட்டினார். பாதிரியார் ஒளியாத மறைவறை ஒன்று, ஒரு நாளும் புகையாத புகைபோக்கி இரண்டு. கடைசியாக அங்கே வாசலில் இருந்த வருஷத்தையும் அப்படியே வெட்டி வைத்தார். மூக்கன் அந்த நாலு ஜன்னலையும் அடைக்கும்போது வெள்ளைக்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திட்டிக்கொண்டே அடைத்தாராம். உண்மையில் வீடு முடிந்தது 1897இல்.

1949இல் அங்கே பெரியப்பா வீட்டு வாரிசு இல்லாமல் போகவே பிளேக்லி தொரைக்கு அசல் பிரென்ஷோ கிடைத்தது. தோட்டத்தை ஒரு கொம்பனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். போகும்போது நல்லமுத்துவுக்குக் கம்பளிக் கோட்டு ஒன்று கொடுத்தார். அதே சமயத்தில்தான், இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் சனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் ஆகியிருந்தது. வேண்டுமானால் இந்த நாட்டில் விடாமல் குடியிருந்ததை நிரூபித்து மனுப் போடலாம் என்றார்கள். 51இல் மனு எழுதிக்கொள்ளத் தோட்டமே என் பள்ளிக்கூட வாசலில் நின்றது. இரவல் பேனா மூன்று உடைந்தது.

மற்றவர்களுக்குச் செக்ரோல் இருந்தது. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்று தோட்டத்துப் பதிவில் பேர் இருக்கும். நல்லமுத்துவுக்கு அது இல்லை. எங்கள் தோட்டத்தில் பங்களா ஆட்கள் தொரையின் சொந்த ஆட்கள், செக்ரோலில் பேர் ஏறாது. பிறப்புப் பதிவும் கிடையாது. பெரிய கிளாக்கரிடம் போய்க் கேட்டேன்.

"அந்தாளு இங்கதான் இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர். ஆனா பேப்பர்ல இல்லையே" என்றார்.

எல்லாருக்கும் தெரிந்தது பேப்பரில் இல்லாவிட்டால் நடக்காதது ஆகிவிடுமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நல்லமுத்துவின் மனைவி பூரணி மட்டும் தெளிவாக இருந்தாள். "தொரைக்கு எழுதுங்க டீச்சர். அவர் ஒரு வரி எழுதுனாப் போதும். இவருக்குக் கெடைச்சாத்தான் எனக்கும் பிள்ளைகளுக்கும். இல்லாட்டி எல்லாரும் நடுரோட்லதான்" என்றாள். எழுதினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஐந்து வருஷம் பதிலில்லை. 57இல் விசாரணைக்கு அற்றன் டவுனுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த பிறகு, நாலாவது தடவை கொஞ்சம் காரமாகவே எழுதினேன். பதில் வந்துவிட்டது.

கிழவரின் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஒன்றரைப் பக்கம் வீட்டைப் பற்றித்தான். வரி கட்ட முடியவில்லையாம். கூரை ஈயத்தை விற்றாயிற்று, மாடிப்படியைக் கழற்றி யாரோ வாங்கிப் போய்விட்டார்கள், அடுத்த மாதம் சுவரை இடிக்க வருகிறார்கள். கடைசியில்தான் எங்களுக்கு வேண்டியது: "நல்லமுத்து 1919 முதல் 1949 வரை முப்பது வருஷம் பிரென்ஷோவில் ஒரு நாளும் தவறாமல் எனக்குப் பணி செய்தான்." கூடவே அட்டையில் ஒட்டிய படம் ஒன்று. அசல் பிரென்ஷோ, இடிப்பதற்கு முன் எடுத்தது. பின்பக்கம், "இதை முப்பது வருஷம் காத்த நல்லமுத்துவுக்கு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். எந்த வீட்டை யார் காத்தார் என்பது அந்த வயதில் அவருக்கே குழம்பிவிட்டதோ என்னவோ.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தொரையின் கையெழுத்து ஒன்றல்ல, இரண்டு! அழுக்குப் படக்கூடாது என்று படத்தை நல்லமுத்து கையில்கூடக் கொடுக்காமல் கோப்புக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். செய்தியை மட்டும் சொன்னேன்.

"இங்கிலாந்துல பிரென்ஷோவை இடிக்கிறாங்களாம் அப்பு."

மனிதர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். "நம்ம பங்களாவையா?"

"இதை இல்லை. அங்க உள்ளதை. அதைப் பாத்துத்தான் இதைக் கட்டினாங்க."

"அங்க ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். "பாதிரியாரு எங்க ஒளிஞ்சாரு?"

"அங்க."

"ராசா வரி போட்டது?"

"அங்கதான்."

"அப்ப நான் தொடச்சது எந்த வீட்டை டீச்சரம்மா?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாளைக்கு விசாரணை, எனக்கு இன்னும் ஆறு பேரின் படிவம் கிடக்கிறது. "எது அசல், எது நகல்னு உங்களுக்கு இப்ப என்னத்துக்கு? அங்க போய்க் கதை அளக்காதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று எரிந்து விழுந்தேன். "சரிங்க" என்று போய்விட்டார்.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்லமுத்துவை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சிங்களத்தில் அவர் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல, நான் பின்வரிசை வாங்குப் பலகையில் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன். தொரையின் கடிதத்தைப் படித்தார். தலைப்பில் பிரென்ஷோ ஹவுஸ் என்று அச்சடித்து, கீழே இங்கிலாந்து முகவரி. பிறகு படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது எந்த வீடு?"

நல்லமுத்து முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்க்கிறார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எங்க பங்களாங்க சார்!"

"நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்."

"இதுல என்னங்க பாக்க இருக்கு? இந்தா, கண்ணு நாலும் மூடியிருக்கு. வாசக்கல்லு இந்தா இருக்கு. வாரா வாரம் தேய்க்கிறேனே." கறுப்பு வெள்ளைப் படத்தில் கல்லின் நிறம் தெரியாது. பின்னால் மலையில்லை, வானம்தான். எங்கள் ஊரில் பனி இறங்கினால் பங்களாவுக்குப் பின்னாலும் மலை தெரியாதே.

அதிகாரி படத்தைத் திருப்பினார். இங்கிலாந்துப் பட்டணம் ஒன்றின் ஸ்டூடியோ முத்திரை. தொரையின் எழுத்து. மறுபடி முன்பக்கம்.

"இந்த வீட்டிலா முப்பது வருஷம் வேலை செய்தீர்கள்?"

"ஆமாங்க சார்."

"படி எத்தனை?"

"பத்தொம்பதுங்க."

நல்லமுத்து முகப்பு மட்டும் தெரிகிற ஒரு படத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் ஒப்பித்தார். மறைவறை, புகைபோக்கி, எந்த அறையிலிருந்து எந்த அறைக்குக் கதவு. ஒன்று தப்பவில்லை. அவர் சரியாகச் சொல்லச் சொல்ல, படத்தில் இருக்கிற வீட்டோடு ஒட்டிக்கொண்டே போனார்.

"ஜன்னல்களை ஏன் அடைத்தார்கள்?"

"ராசா வரி போட்டாருங்க."

"எந்த ராஜா?"

"வில்லியம் ராசாங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "ஐயா, படத்தில் இருப்பது வேறு வீடு! அதைப் பார்த்து லிந்துலையில் அப்படியே ஒன்று கட்டியிருக்கிறார்கள். இவர் வேலை செய்தது அதில்தான். வந்து பாருங்கள், பதினைந்து மைல்தான்!"

அதிகாரி கோபப்படவில்லை. "டீச்சர், இலங்கையில் ஜன்னலுக்கு வரி இருந்ததா?"

"இல்லை."

"வரியே இல்லாத நாட்டில் ஒருவர் ஜன்னலைக் கட்டி, அதை அடைப்பாரா?"

நான் என்ன சொல்ல? முதல் நாள் நான் கேட்ட கேள்வியும் அதேதானே! எனக்கு உதவி செய்வதாக நினைத்து நல்லமுத்து முந்திக்கொண்டார்.

"எங்க அப்பாதாங்க சார் அடைச்சாரு."

"உங்கள் அப்பாவும் அங்கேதான் இருந்தாரா?"

"ஆமாங்க. நானே அங்கதான் பொறந்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "அப்பு, வேற வீடுன்னு சொல்லுங்க, அங்க போனதே இல்லைன்னு சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். சாட்சி மனுதாரருக்குப் பதில் சொல்லிக் கொடுக்கிறார் என்று அதையும் எழுதிக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் நின்று அழுதேன். ஆத்திரத்தில்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நேத்துத்தானே சொன்னேன், அங்க ஒரு வீடு இருக்குன்னு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"அவரு அதைக் கேக்கலையே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க." குறை சொல்கிற குரல் இல்லை. சொன்னபடி செய்துவிட்டோமா என்று சரிபார்க்கிற குரல்.

ஐந்து மாதத்தில் முடிவு வந்தது. மனுதாரர் நீண்ட காலம் இங்கிலாந்தில் வசித்ததாகத் தம் வாயாலேயே கூறியிருப்பதால், இந்த நாட்டில் தொடர்ந்து வசித்தது நிரூபிக்கப்படவில்லை. பூரணி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "இவரு எப்ப டீச்சர் போனாரு? எனக்கே தெரியாமப் போச்சே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

அற்றனில் லோரன்ஸ் என்று ஒரு வக்கீல். கோப்பைப் படித்துவிட்டு அவரும் முதலில் சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "இது ரொம்ப லேசு. லிந்துலைப் பங்களாவைப் படம் எடுத்துட்டு வாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா முடிஞ்சுது. மேல்முறையீட்டுக்கு இன்னும் மூணு கிழமை இருக்கு, இருபத்தோரு நாள்" என்றார். என் உயிர் திரும்பி வந்தது. அந்தச் சனிக்கிழமையே ஸ்டூடியோக்காரரைப் பெட்டியும் முக்காலியுமாகக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன்.

பங்களா முன்னால் சாரம் கட்டியிருந்தது. கொம்பனி அனுப்பிய புதுத் தொரைக்கு வீடு இருட்டாக இருக்கிறதாம். நாலு ஜன்னலிலும் செங்கல்லை உடைத்து எடுத்துக் கண்ணாடி போட்டாகிவிட்டது. வாசலுக்கு மேலே புதிதாக ஒரு மழைத் தகரம் இறக்கியிருந்தார்கள், கல் தெரியவில்லை. நல்லமுத்து புது ஜன்னலுக்கு உள்ளே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"எதைச் சொல்றது டீச்சரம்மா? வேலைன்னா நடக்கும்தானே. வெளிச்சமா இருக்கு, பாருங்க" என்றார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. அறுபது வயதில், அந்த அறையில் வெயில் எங்கே விழுகிறது என்று அப்போதுதான் பார்க்கிறார்.

ஸ்டூடியோக்காரர், "எடுக்கவா, வேணாமா?" என்று கேட்டார். எடுக்கச் சொன்னேன். வேறு என்ன செய்ய? லோரன்ஸ் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் நாலு ஜன்னல் மூடியிருந்தது, வருஷம் இருந்தது. மற்றதில் பன்னிரண்டும் திறந்திருந்தது, வருஷம் இல்லை. "இதைக் குடுத்தா அவங்க பக்கத்துக்கு நாமளே சாட்சி சொன்ன மாதிரி. மூடின ஜன்னல் உள்ள வீடு அங்கதான் இருக்குன்னு ஆகிடும்" என்றார். பெரிய கிளாக்கரிடம் ஜன்னல் உடைத்ததற்கு ஒரு கடிதம் கேட்டேன். பங்களா வேலைக்குப் புதுத் தொரைதான் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். புதுத் தொரை கொழும்பில். அவர் திரும்பி வந்தபோது மேல்முறையீட்டுக்கு இருந்த மூன்று கிழமையும் போய்விட்டது.

அதற்குப் பிறகும் நல்லமுத்து ஏழு வருஷம் அதே பங்களாவில் வேலை செய்தார். விருந்தாளிகளுக்கு வீட்டைக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பார். எனக்கு அது பொறுக்கவே இல்லை. ஒரு நாள் நானே, "மறைவறையையாவது காட்டுங்களேன் அப்பு" என்றேன். "அதுல யாரும் ஒளியலையே டீச்சரம்மா" என்றார்.

64இல் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் சனங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம், பிரஜாவுரிமை மறுக்கப்பட்டவர்கள் இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிப்போடுவதுதான் நல்லது என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் சொல்ல, நல்லமுத்துவும் பூரணியும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மறுபடியும் படிவம். மறுபடியும் நான்தான். பழைய மனுவின் முடிவை இணைக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை எடுத்து, அவர் கேட்டதால் தமிழில் படித்துக் காட்டினேன்.

முழுவதும் கேட்டார். கம்பளிக் கோட்டின் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"நான் முப்பது வருசம் இங்கிலாந்துல இருந்தவன்னு அரசாங்கமே எழுதியிருக்குல்ல?"

"ஆமா."

"அப்பாவும் அங்கதான், நான் பொறந்ததும் அங்கதான்."

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்ப என்னை அங்கதானே அனுப்பணும்? எதுக்கு டீச்சரம்மா இந்தியாவுக்கு அனுப்புறாங்க? நான் இந்தியாவுல இருந்தேன்னு யாருமே சொல்லலையே."

அவர் கேலி பேசவில்லை. அவருக்குக் கேலி பேச வராது. அறுபத்தெட்டு வயது மனிதர், விளங்காததை விளங்கிக்கொள்ளக் கேட்கிறார். இந்தத் தடவை அவர் கேட்டதற்கு மட்டும் ஒரு பதில் சொல்லியிருந்தால் போதும். எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

"சும்மா இருங்க அப்பு" என்றேன்.

சும்மா இருந்தார். திரும்பிச் செல்லும் நாடு எது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் இந்தியா என்று எழுதினேன்.